தாய்க்கும் சேய்க்கும் ஒரே துணி

தையல் வேலையைப் பற்றிப் பங்குக் குரு ஒருவர் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். "சாமியாருக்கும் ஊசிக்கும் என்ன தொடர்பு?" என்று வாசக அன்பர்களுள் எவரேனும் வினவுவாராயின், அவர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விழைகிறோம். துணி பின்னும் பொறியை முதன்முதலில் அமைத்தவராகக் கூறப்படும் வில்லியம் லீ, இங்கிலாந்து நாட்டில் கால்வர்ட்டன் என்னும் சிற்றூரில் சபைக் குருவாயிருந்தவர் என்பர். ஆண்டு 1589. காலுறை பின்னும் அப்பொறிக்கு உரிமை வேண்டி அவர் முதலாம் எலிசபெத் அரசியாரை நாடினார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழுமே என்று அஞ்சி அரசியார் மறுத்துவிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. லீ பிரான்சு நாட்டிற்குச் சென்று அங்கேயே மறைந்தார். இன்று நம் இல்லங்களில் உள்ள பனியன் முதல் பிள்ளைகள் அணியும் டி-சட்டை வரை யாவும் அக்குருவானவரின் பொறிக்குப் பேரப் பிள்ளைகளே. ஆகவே இதைப் பற்றிப் பேச எமக்கும் சிறிது உரிமை உண்டு எனக் கொள்க.

வேறொரு காரணமும் உண்டு. எம்மைப் பெற்ற அன்னையார் தையல் பொறி மிதித்தே எம்மைக் குருமடத்திற்கு அனுப்பியவர். திருவருகைக் காலம் வந்துவிட்டால் எம் வீட்டில் உறக்கம் என்பதே இராது. பிறப்புத் திருவிழா இரவுப் பூசையில் தெருவெல்லாம் அவர் தைத்த ஆடைகள் பளபளவென்று முன் வரிசைகளில் அமர்ந்திருக்கும். அவரோ சாயம் போன சேலையில், கடைசித் தூணருகே நின்றிருப்பார். அக்காலத்தில் அது எமக்கு விந்தையாகத் தோன்றவில்லை. தாய்மார் அவ்வாறுதான் இருப்பர் என்று எண்ணியிருந்தோம்.

இப்போது சொல்ல வந்த செய்தி, தாய்க்கும் மகளுக்கும் ஒரே பனியன் துணியில் இணையாடை தைப்பது பற்றியது.

முதலில் துணியின் இயல்பை அறிதல் வேண்டும். தறியில் நெய்த துணியில் பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் அத்துணி இழுத்தால் இளகாது. பின்னல் துணியோ அவ்வாறன்று. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணி புகுந்து துணியாகிறது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் மீளும். எமது அங்கி நெய்த துணியால் ஆனது. கடந்த பத்தாண்டுகளில் எம் வயிறு அடைந்த வளர்ச்சிக்கு அது ஓரங்குலமும் இணங்கவில்லை. உள்ளே அணிந்த பனியனோ ஒரு முணுமுணுப்பும் இன்றி இணங்கிவருகிறது. இதனினும் எளிய விளக்கம் எமக்குத் தெரியவில்லை.

எமது பங்கு முக்கூடலுக்கு அணித்தாய், தாமிரபரணிக் கரையில் அமைந்தது. இப்பள்ளத்தாக்கு துணியை அறியாத நிலமன்று. வீரவநல்லூரில் தறிச் சத்தம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறது. பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரையையே பட்டுப் போன்ற பாயாக நெய்துவிடுகின்றனர். மேற்கே விக்கிரமசிங்கபுரத்தில், பாபநாசத்து நீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நூற்பாலை எழுப்பினர். பின்னாளில் மதுரா கோட்ஸ் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் வேர்களுள் ஒன்று அது. தையல் நூற்கண்டில் அப்பெயரைக் காணாத தையற்காரர் இரார். ஆயினும் பின்னல் துணி மட்டும் நம் மண்ணின் தொழிலாக வளரவில்லை. அதற்குரிய ஊர் திருப்பூர். 1920-களில் கையால் சுழற்றும் சில பொறிகளோடு அங்குத் தொடங்கிய பனியன் தொழில், 1980-களுக்குப் பின் வெளிநாடுகளுக்கு ஆடை அனுப்பும் பெருந்தொழிலாக வளர்ந்து, 2009-இல் அவ்வூரைத் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆக்கிற்று. மழை பொய்த்த ஆண்டுகளில் நம் பக்கத்து இளைஞர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும் ஊர்களுள் அதுவும் ஒன்று. எம் பங்கிலும் திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்பும் திருப்பூர்ப் பிள்ளைகள் பலர் உளர்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. ஆறு கரை கடந்தது. எம் பங்கின் ஆற்றோரத் தெருவில் இடுப்பளவு நீர் புகுந்தது. பிறப்புத் திருவிழாவுக்கென எடுத்து வைத்திருந்த புத்தாடைகள், பள்ளிப் புத்தகங்கள், பீடி இலைக் கட்டுகள் எல்லாம் சேற்றோடு சேறாயின. கன்னியர் இல்லத்தை ஒட்டிய தையற் கூடத்திலிருந்த ஆறு பொறிகளும் நீரில் மூழ்கின. நீர் வடிந்தபின் அவற்றைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் உலர்த்தி, எண்ணெயிட்டு மிதித்துப் பார்த்தபோது ஐந்து பொறிகள் உயிர்பெற்றன.

உதவிக்குக் குறைவில்லை. வண்டி வண்டியாக ஆடைகள் வந்து இறங்கின. அனுப்பிய நல்லுள்ளங்களை நாம் குறைகூறோம். ஆயினும் அக்குவியலில் பொத்தான் அற்ற சட்டைகளும், அக்குள் கிழிந்த இரவிக்கைகளும், திருநெல்வேலி வெயிலுக்கு வந்து சேர்ந்த ஒரு கம்பளிக் கோட்டும் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. பெண்கள் வரிசையில் நின்று பெற்றுச் சென்றனர். ஆனால் எடுத்துச் சென்றதை விரித்துப் பார்க்கும்போது அவர்தம் முகங்களில் தோன்றிய நாணத்தையும் கண்டோம். பிறர் உடுத்தியதை உடுத்துவது வேறு. பிறர் வேண்டாமென எறிந்ததை உடுத்துவது வேறு.

சனவரி மாதம் திருப்பூரிலிருக்கும் எம் பங்குப் பிள்ளைகள் தங்களுக்குள் பணம் திரட்டிப் பனியன் துணி வாங்கி அனுப்பினர். ஐந்தாறு நிறங்களில் சிறு உருளைகள், யாவும் புதியவை. நம் கடைகளில் துணியை மீட்டரில் அளந்து தருவர். திருப்பூரில் பனியன் துணியைத் தராசில் நிறுத்துக் கிலோக் கணக்கில் தருவர். இது பலருக்குப் புதுமையாயிருந்தது. வந்தது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள பருத்தித் துணி. விரித்தால் 72 அங்குல அகலம். அருட்சகோதரி ஒருவர் கணக்கிட்டு, குடும்பத்திற்கு அரைக் கிலோ, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் என்று பங்கிட்டார். தைக்கத் தெரியாதோர் கூடத்திற்கு வந்து கற்றுக்கொண்டு தாமே தைக்க வேண்டும் என்பது அவர் இட்ட விதி. எமக்கு அவ்விதி மிகவும் பிடித்திருந்தது.

வந்தவர்களுள் ஆற்றோரத் தெருவைச் சேர்ந்த ஓர் இளந்தாய் இருந்தார். முப்பதைக் கடந்தவர். கணவர் கேரளத்தில் கட்டட வேலை. வீட்டில் மாமியாரும் ஏழு வயது மகளும். நம் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல அவரும் பீடி சுற்றுபவர். இத்தொழிலைக் கண்டிராத வாசகர்க்காக ஒரு சொல். பீடி இலையை நீரில் நனைத்து, தகட்டை அதன்மேல் வைத்து, அத்தகட்டின் அளவுக்குக் கத்தரியால் வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். கடையில் நிறுத்துத் தரும் இலைக்குக் கணக்குத் தப்பாமல் பீடி கொடுத்தாக வேண்டும். குறைந்தால் கைப்பணம் போட்டு இலை வாங்க வேண்டும். ஆதலால் ஓர் இலையில் எத்தனை துண்டு எடுக்கலாம், நரம்பை எப்பக்கம் ஒதுக்கலாம் என்பதை அவர்தம் விரல்கள் உறக்கத்திலும் அறியும். தையற் கூடத்தில் மற்றவர்கள் கத்தரியைப் பிடிக்கவே தயங்கியபோது, இவர் காகித அளவைத் துணிமேல் வைத்து வளைவு பிசகாமல் வெட்டியதைக் கண்டு சகோதரி வியந்தார். வியப்பதற்கு என்ன இருக்கிறது? இருபதாண்டுகளாக ஒவ்வொரு நாளும் அளவு வைத்து வெட்டுபவர் அன்றோ அவர்!

பேச்சினிடையே அவரைப் பற்றி மற்றொன்றும் தெரியவந்தது. பதினாறு வயதில் அவரைக் கொங்கு நாட்டு நூற்பாலை ஒன்றுக்குத் தரகர் ஒருவர் அழைத்துச் சென்றார். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணத்திற்கென மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்பது பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்களகரமான பெயர். தென் மாவட்டங்களிலிருந்து ஏழைப் பெண்கள் பலர் அவ்வாறு சென்றனர். அவ்விடுதிகளின் கட்டுக்காவலையும் வேலை நேரத்தையும் பற்றி நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011-இல் அறிக்கை வெளியிட்டபின் வெளிநாட்டு ஆடை வணிகர்களும் அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினர். இவர் மூன்றாண்டையும் முடித்தவர். பெற்ற தொகை ஒரு சோடிக் கம்மலுக்கும் சீர்ப் பாத்திரங்களுக்கும் சரியாயிற்றாம். அங்குப் பற்றிய இருமல் பனிக்காலத்தில் இன்றும் தலைகாட்டுகிறது. பனியன் துணியைக் கையில் எடுத்தவுடன் அவர் அதை முகர்ந்து பார்த்தார். "நாங்க நூத்த நூலு இப்படித்தான் ஆகும்னு அப்போ எங்களுக்குத் தெரியாது சாமி. கோனுக்குப் போறது வரைக்கும்தான் பாத்திருக்கோம்" என்றார்.

கத்தரிப்பூ நிறத்தைத் தேர்ந்தவர் மகள். "எம்மா, உனக்கும் எனக்கும் ஒரே மாதிரி தைப்பியா?" என்று கேட்டவளும் அவளே. எங்கோ கைப்பேசியில் கண்டிருப்பாள் போலும்.

இணையாடை என்பது நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. பாரிசு மாநகரில் ழான் லான்வின் என்னும் அம்மையார் தொடக்கத்தில் தொப்பி செய்து விற்றவர். தம் ஒரே மகளுக்கு அவர் தைத்துப் போட்ட அழகிய உடைகளைக் கண்ட வாடிக்கைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்க, 1908-இல் குழந்தை உடைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தாய்மாருக்கும் தைத்தார். தாயும் மகளும் கைகோத்து நிற்கும் உருவமே அந்நிறுவனத்தின் சின்னமாயிற்று. நம் ஊரிலும் ஒரே கட்டுத் துணியில் வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் சட்டையும் பாவாடையும் தைப்பது வழக்கமே. தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் தெருவில் நடந்தால் எந்தப் பிள்ளை எந்த வீடு என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் அக்கட்டுத் துணியில் தாய்க்குப் பங்கு இராது. மிஞ்சினால் ஒரு தலையணை உறை.

மாமியார் வாய் திறவாமல் இருப்பாரா? "பிள்ளைக்குத் தைச்சாப் போதும், தாய்க்காரிக்கு எதுக்குட்டி ஜோடிச் சட்டை?" என்றார். தாய்க்குச் சுடிதார் மேலாடை, மகளுக்குக் கவுன் என்று சகோதரி முடிவு செய்தபின்னும் அம்முணுமுணுப்பு ஓயவில்லை. வயது வந்த பெண் குழந்தையைப் போல் உடுத்தலாமா என்று எம்மிடமும் ஒருவர் வந்து கேட்டார். தோளும் முழங்காலும் மூடிய ஆடையில் யாது குற்றம் கண்டீர் என்று கேட்டு அனுப்பிவிட்டோம்.

அளவெடுக்கும் வேளையில் நாம் அங்கிருத்தல் முறையன்று. அப்பகுதியைச் சகோதரி சொல்லக் கேட்டபடி எழுதுகிறோம். மகளின் அளவுகள் அனைத்தும் தாய்க்கு மனப்பாடம். மார்பு 24, தோள் 10, தோளிலிருந்து முழங்கால் 27 என்று நாடாவைத் தொடாமலே ஒப்பித்தாராம். "உங்க அளவு?" என்று கேட்டதற்கு, "லூசா இருந்தாச் சரி சிஸ்டர்" என்பதே மறுமொழி. திருமணத்திற்கு இரவிக்கை தைத்த நாளுக்குப் பின் அவரை எவரும் அளந்ததில்லை. அந்தப் பழைய இரவிக்கையின் தையலைப் பிரித்துப் பிரித்தே இத்தனை ஆண்டும் கடத்தியிருக்கிறார்.

நெய்த துணியாயின் இம்மறுமொழி செல்லும். சுற்றளவோடு நான்கு அங்குலம் கூட்டித் தைத்தால் எவ்வுடலுக்கும் ஒருவாறு பொருந்திவிடும். பின்னல் துணி அதற்கு இடந்தராது. அது தானே விரியும் துணியாதலால், உடல் அளவோடு ஓரங்குலம், மிஞ்சினால் இரண்டங்குலம் கூட்டினால் போதும். நான்கு அங்குலம் கூட்டினால் தோள் சரிந்து, அக்குள் தொங்கி, சாக்கைக் கவிழ்த்தது போலாகும். ஆகவே உண்மையான அளவு வேண்டும். நாடாவோடு சகோதரி நெருங்கியபோது அந்தத் தாய் கூச்சத்தால் இருமுறை விலகினாராம். மூன்றாம் முறை மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மார்பு 36, தோள் 14½ என்று சகோதரி உரக்கச் சொல்ல, சிறுமி அதை எழுதிக்கொண்டாள். நாடாவில் தன் அம்மா எத்தனை என்று அறிவது அவளுக்குப் பெரிய வேடிக்கை.

துணியை முந்திய நாளே நனைத்து உலர்த்தியிருந்தனர். பருத்திப் பின்னல் முதல் சலவையில் சுருங்கும். சுருங்க வேண்டியது கத்தரிக்கு முன்பே சுருங்கிவிடல் நன்று. உருளையில் இறுகிக் கிடந்த துணியை ஓரிரவு மேசைமேல் தளர விட்டுவைப்பதும் தேவை. இல்லையேல் வெட்டியபின் ஒவ்வொரு துண்டும் தன் மனம்போல் குறுகிவிடும்.

இனி வெட்டும் மேசை. அன்று மாலை கூடத்தின் கணக்குப் பார்க்கச் சென்றிருந்த நாம் இதனை நேரில் கண்டோம். அந்தத் தாய் ஒன்றரை மீட்டர்த் துணியை விரித்து, மகளின் கவுனுக்குரிய முன், பின் காகிதங்களை நட்ட நடுவில் அடுத்தடுத்து வைத்தார். கவுனுக்கு நல்ல விரிவு. சுற்றிலும் மிஞ்சிய துணியைக் கையால் தடவி, "எனக்கு இதுல வர்றது போதும் சிஸ்டர். ஒட்டுப் போட்டுக்கிடுதேன்" என்றார்.

சகோதரி காகிதங்களை எடுத்து ஒருபுறம் வைத்தார். "பெரிய துண்டை மொதல்ல வைங்கம்மா. சின்னது எங்க வேணும்னாலும் உட்காரும்."

"இவளுக்குக் காணாமப் போயிட்டா?"

"வச்சுப் பாருங்க."

துணியின் நீளம் 59 அங்குலம். தாயின் மேலாடை முன்னும் பின்னும் சேர்ந்து 48 அங்குல அகலமும் 43 அங்குல நீளமும் கொண்டன. அவற்றை ஓரத்தோடு ஓரமாகச் சேர்த்து வைத்ததும், பக்கத்தில் 24 அங்குல அகலத்தில் ஒரு நெடும்பட்டை முழு நீளத்திற்கும் எஞ்சி நின்றது. மகளின் முன்துண்டும் பின்துண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அப்பட்டையில் அளந்து வைத்தாற்போல் அமர்ந்தன. விரிவு சிறிதும் குறையவில்லை. தாயின் துண்டுகளுக்குக் கீழே எஞ்சிய 16 அங்குலத்தில் இருவரின் கைத்துண்டுகளும் வந்தன. இடுக்குகளில் கழுத்துப் பட்டிகள். முன்பு வைத்தபடியே வெட்டியிருந்தால் தாய்க்கு இடுப்போடு நிற்கும் ஒரு குட்டைச் சட்டையும், அதற்கும் மூன்று ஒட்டுமே கிடைத்திருக்கும். இலையில் ஒரு துண்டும் வீணாக்காத அந்தக் கைக்கு இக்கணக்கு தெரியாதது அன்று. இலையில் தமக்கென ஒரு துண்டு எடுக்கும் பழக்கமே இல்லாததால் அக்கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவே. அவர் துணியை நெடுநேரம் நோக்கி நின்றார். பிறகு கத்தரியை எடுத்து, தம் துண்டிலிருந்தே வெட்டத் தொடங்கினார்.

எம் அன்னையாரின் நினைவு அப்போது எமக்கு வந்தது. சாமுவேலின் தாய் அன்னா ஆண்டுதோறும் தம் மகனுக்குச் சிற்றாடை ஒன்று செய்து கொண்டுபோய்க் கொடுத்ததாகத் திருநூலில் வாசிக்கிறோம். மறையுரைகளில் நாமும் அதைப் பலமுறை எடுத்தாண்டதுண்டு. அந்த ஆண்டுகளில் அன்னா எதை உடுத்தியிருந்தார் என்பதைப் பற்றித் திருநூல் ஒன்றும் கூறவில்லை.

தைக்கும் முறையைப் பற்றி இல்லத்தரசியர்க்குச் சில சொற்கள். ஓவர்லாக் பொறி இருந்தால்தான் பனியன் துணி தைக்கலாம் என்று கைவிட வேண்டியதில்லை. காலால் மிதிக்கும் பழைய கறுப்புப் பொறியே போதும். ஊசியை மட்டும் மாற்ற வேண்டும். கூர்முனை ஊசி கண்ணியை அறுத்துவிடும்; அறுந்த கண்ணி ஓட்டையாகி ஏணிபோல் ஓடும். முனை உருண்ட ஊசி என்று கேட்டால் தையற்பொருள் கடைகளில் கிடைக்கும். அது நூலைக் குத்தாமல் கண்ணிகளுக்கு இடையே விலக்கிப் புகும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். தையலைச் சற்று நீட்டமாக வைத்து, தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் மெல்லப் பிடித்துச் சிறிதே விரித்துக் கொடுத்தால், அணியும்போது நூல் படீரென்று அறாது. மிகுதியாக இழுத்துவிட்டாலோ தையல் அலை அலையாக நெளியும். கை பழகும்வரை துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தல் நலம். தொடக்கத்தில் துணியைப் பொறியின் பல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடியில் மெல்லிய காகிதத் துண்டு வைத்துத் தைத்துவிட்டுப் பின்னர்க் கிழித்துவிடலாம். ஓரம் பிரியுமே என்ற அச்சம் வேண்டா; பின்னல் துணி நெய்த துணியைப் போல் நூல் நூலாகப் பிரிவதில்லை, சுருண்டுகொள்ளும் அவ்வளவே. தோள் தையலில் மட்டும் ஒரு பருத்தி நாடாவைச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஆடையின் பாரம் முழுவதும் தொங்குமிடம் அதுதான். நாடா இன்றேல் ஓராண்டுக்குள் தோள் முழங்கையை நோக்கி இறங்கிவிடும்.

கழுத்துப் பட்டியில்தான் பலரும் இடறினர். கழுத்தின் சுற்றளவு 20 அங்குலம் எனில் பட்டியும் 20 அங்குலம் என்று வெட்டுவது நெய்த துணிப் பழக்கம். பின்னல் துணியில் பட்டியைத் துணியின் குறுக்குவாட்டில், 17 அங்குலமே வெட்ட வேண்டும். அதைக் கழுத்தின்மேல் சீராக விரித்துத் தைத்தால், தைத்து முடிந்ததும் அது தன் அளவுக்குச் சுருங்கி, கழுத்தை உடலோடு அணைத்து நிற்கும். நம் தாய் முதற்பட்டியை இருமுறை பிரித்தார். மகளின் பட்டியை ஒரே முறையில் முடித்தார்.

2024 மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழா. விடியற்காலைப் பூசை முடிந்து மக்கள் வெளிவந்தபோது கத்தரிப்பூ நிறத்தில் இருவரும் கோயில் முற்றத்தில் நின்றனர். அன்று இணையாடையில் வந்த தாய் மகளர் ஒன்பது சோடி என்று சகோதரி எண்ணிச் சொன்னார். ஒரே உருளைத் துணியாதலால் மூன்று வீட்டார் ஒரே பச்சை நிறத்தில் நிற்க, பள்ளிச் சீருடையோ என்று இளைஞர் கேலி செய்ததும் உண்டு. நம் தாயின் மேலாடை தோளில் சரியாக நின்றது. அவர் அடிக்கடி அதன் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்; இழுக்கத் தேவையில்லாதபோதும் இழுத்தார். மகள் கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்தி, "எங்கம்மா 36" என்று அறிவித்துக்கொண்டிருந்தாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தின்பின் மருமகளின் கைவிளிம்பைப் பிடித்துப் பார்த்து, "இந்தத் துணி வேர்வைக்கு நல்லாருக்குமோ?" என்று கேட்டார்.

குழந்தைகளின் ஆடை நெடுநாள் இணையாக நில்லாது. நெய்த துணிப் பாவாடையில் டக் பிடித்து வைத்து ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிடலாம். இங்கு அதற்கு வழி குறைவு. அகலத்தைத் துணியே விட்டுக்கொடுக்கும், நீளத்தை விட்டுக்கொடாது. 2025-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவுக்குள் அக்கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. தாய் அதன் கீழ்விளிம்பில் வெள்ளைப் பனியன் துணியால் நான்கு அங்குலப் பட்டை ஒன்று கோத்தார். தம் மேலாடையின் விளிம்பிலும் அதே பட்டையைக் கோத்துக்கொண்டார். அங்கு அது தேவையே இல்லை.

இப்போது அவர் வாரத்தில் மூன்று நாள் மாலையில் கூடத்திற்கு வந்து பிறருக்குத் தைத்துக் கொடுக்கிறார். பீடித் தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. வைக்குமளவு வருவாய் தையலில் வந்துவிடவும் இல்லை. சேரன்மகாதேவிப் பக்கமிருந்து சில பெண்கள் இணையாடை கேட்டு வந்திருந்தனர். "பிள்ளைக்கு மட்டும்" என்று சொல்வோரிடம் அவர், தாய்க்கும் சேர்த்துத் தைத்தால் துணி வீணாகாது என்று கணக்கைத் துணியிலேயே விரித்துக் காட்டுகிறாராம்.

அடுத்த சோடிக்கு மாந்தளிர் நிறம் வாங்கியாயிற்று. இம்முறை அளவெடுத்தது மகள். முக்காலிமேல் ஏறி நின்று, நாடாவின் ஒரு முனையைத் தாயின் தோளில் தாயையே பிடித்துக்கொள்ளச் செய்து, இறங்கிக் குனிந்து படித்தாள். எண்களைப் பீடிப் பாஸ் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அம்மா 37, தோள் 14½, நீளம் 41. அதன்கீழே, சிறிய எழுத்தில், தன் அளவு.